முத்திரையிட்டவரும் முத்திரையிடாதவரும்

கி.பி. 1296-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 28-ஆம் நாள், இசுக்காட்லாந்தின் தென்கிழக்கெல்லையிலுள்ள பெரிக்கு நகரில் ஆங்கில அரசன் முதலாம் எட்வர்டு தன் பாராளுமன்றத்தைக் கூட்டினான். ஐந்து திங்களுக்கு முன்னர்த்தான் அவன் படை அந்நகர மக்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்திருந்தது. அக்குருதி காய்ந்தும் காயாத அதே தெருக்களைக் கடந்து வந்து, இசுக்காட்லாந்தின் பெருமக்களும் நிலக்கிழாரும் ஆயரும் மடத்தலைவரும் நகரத்தாரும், எட்வர்டே தமக்குத் தலைவன் என்று எழுதப்பட்ட ஆவணங்களில் தத்தம் முத்திரைகளைத் தொங்கவிட்டனர். அந்நாளிலும் அதற்கு முந்திய கிழமைகளிலுமாக அவ்வாறு பணிந்தோர் 1,500 பேருக்கு மேற்படுவர். 'இராக்மன் சுருள்' என்று வரலாறு அதனை வழங்குகிறது. பின்னாளில் விடுதலை வேந்தனாகப் போற்றப்பெற்ற இராபர்ட்டு புரூசின் பெயரும் அதில் உண்டு. வில்லியம் வாலசு என்னும் பெயரை மட்டும் அதில் எவ்வளவு தேடினும் காண முடியாது.

தன்னரசாய் நின்ற ஒரு நாடு இத்தகைய இழிநிலைக்குத் தாழ்ந்ததற்குப் பத்தாண்டுகளே போதியனவாயிருந்தன. 1286 மார்ச்சுத் திங்களில் மூன்றாம் அலெக்சாந்தர் என்னும் நல்லரசன், புயல் வீசிய ஓரிரவில் கடற்கரைப் பாறைவழியே குதிரையூர்ந்து செல்கையில் வீழ்ந்திறந்தான். மக்களெல்லாரும் அவனுக்கு முன்னரே மாண்டிருந்தனர். எஞ்சியவள் நார்வே நாட்டிலிருந்த பெயர்த்தி ஒருத்தியே, அவளும் குழவி. அவளைத் தன் மகனுக்கு மணமுடிக்க விரும்பிய எட்வர்டு, 1290-இல் பர்காம் என்னுமிடத்தில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையில், இசுக்காட்லாந்து எவர்க்கும் அடிமைப்படாமல் தனித்தே நிற்கும் என்று எழுதிக்கொடுத்தான். அச்சிறுமி அதே ஆண்டில் கடல் கடந்து வரும் வழியில் ஆர்க்கினித் தீவில் இறந்தாள். எழுதிய மையும் அவளோடு சேர்ந்து இறந்தது போலும்!

அரியணைக்கு உரிமை கோரி எழுந்தவர் பதின்மூவர். உள்நாட்டுப் போர் மூளுமோ என அஞ்சிய நாட்டுக் காப்பாளர்கள், வலிமை மிக்க அண்டை நாட்டானையே நடுவனாக அழைத்தனர். ஆட்டுக்குட்டிகளின் வழக்கைத் தீர்க்க ஓநாயை அழைத்த கதை இது. 1291-இல் நோராம் என்னுமிடத்தில் அவர்களைச் சந்தித்த எட்வர்டு, தன்னை மேலரசனென முதலில் ஒப்புக்கொண்டாலன்றி வழக்கைக் கேளேன் என்றான். அரசனில்லாத நிலையில் அரசனைக் கட்டுப்படுத்தும் விடையை எவரும் அளிக்கவியலாது என்று காப்பாளர்கள் உரைத்தது அறிவார்ந்த மறுமொழியே. ஆனால் எட்வர்டு அவர்களை விட்டுவிட்டு, உரிமை கோரியவர்களைத் தனித்தனியே நெருக்கினான். அரியணைப் பசியால் வாடிய அவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒப்புக்கொண்டனர். நாட்டை விற்று நாற்காலியை வாங்கும் தொழில் இற்றை நாளில்தான் தோன்றியது என எண்ணுவோர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

1292 நவம்பரில் சான் பேலியல் என்பவனுக்கு முடி கிடைத்தது. பிறப்புரிமை வழியே பார்த்தால் அத்தீர்ப்பு தவறன்று. ஆனால் முடியைச் சூடியவன் தலை எட்வர்டின் கையிலிருந்தது. இசுக்காட்லாந்து மன்றங்களில் தோற்றவர் இலண்டனுக்கு மேல்முறையீடு செய்யலாயினர். அரசனே குற்றவாளிபோல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் முன் நின்று விடையிறுக்க வேண்டியதாயிற்று. 1294-இல், பிரெஞ்சு நாட்டின்மேல் தான் தொடுக்கும் போருக்குப் படையனுப்புமாறும் எட்வர்டு ஆணையிட்டான். இசுக்காட்டியர் பொறுமையிழந்து, 1295-இல் பிரெஞ்சு அரசனோடு உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறித்தாக வேண்டும். அதே 1295-ஆம் ஆண்டில் எட்வர்டு தன் நாட்டினரைப் பாராளுமன்றத்திற்கு அழைத்து விடுத்த ஓலையில், பிரெஞ்சு அரசன் ஆங்கில மொழியையே மண்ணிலிருந்து துடைத்தழிக்கக் கருதியுள்ளான் என்று எழுதினான். எழுதியவன் வீட்டு மொழியோ பிரெஞ்சு. எழுதப்பட்ட மொழியோ இலத்தீன்! தன் நாவில் தவழாத மொழியாயினும், அதற்கு இடர் என்றால் மக்கள் எழுவர் என்பதை அவ்வன்னெஞ்சன் அறிந்திருந்தான். இசுக்காட்லாந்தின் பெருமக்களோ அதனை அறிந்தாரல்லர். இராக்மன் சுருளில் அவர்கள் அடிமை நேர்ந்ததும் பெரும்பாலும் அதே பிரெஞ்சு மொழியில்தான்.

1296-இல் படை வந்தது. மார்ச்சு 30-இல் பெரிக்கு வீழ்ந்தது. ஏப்பிரல் 27-இல் தன்பார்ப் போரில் இசுக்காட்டுப் பெருமக்களின் படை சிதறியது. சூலையில் பேலியல் பிடிபட்டான். அவன் மேலங்கியில் தைத்திருந்த அரச அடையாளங்களைப் பலரறியப் பிய்த்தெறிந்தனர். 'வெற்றுச் சட்டை' என்பதே அன்றுமுதல் அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. இசுக்காட்டு வேந்தர் வழிவழியாக அமர்ந்து முடிசூடிய இசுக்கூன் கல்லையும், நாட்டின் ஆவணங்களையும் எட்வர்டு இலண்டனுக்கு அள்ளிச் சென்றான். பொன்னையும் பொருளையும் கொள்ளையிடுவோன் வயிற்றுக்குக் கொள்ளையிடுகிறான். ஓலையையும் கல்லையும் கொள்ளையிடுவோன் ஓரினத்தின் நினைவையே கொள்ளையிடுகிறான். எட்வர்டு பின்னவருள் தலையாயவன்.

பெருமக்கள் அடங்கினர். எழுந்தவன் ஒரு சிறு நிலக்கிழான் வீட்டு இளைய மகன். 1297 மே திங்களில் வாலசு, இலானர்க்கு நகரில் ஆங்கில அரசின் அலுவலனாயிருந்த எசில்ரிக்கு என்பவனைக் கொன்றான். அதே வேளையில் வடபகுதியில் ஆந்துரு மரே என்னும் இளைஞன், சிறையினின்று தப்பிவந்து கோட்டை கோட்டையாக மீட்டுக்கொண்டிருந்தான். வாலசின் புகழொளியில் மரேயின் பெயர் மங்கிப்போயிற்று. அது முறையன்று. இருவர் படையும் கூடியே செப்தெம்பர் 11-இல் இசுடர்லிங்குப் பாலத்தருகே ஆங்கிலப் பெரும்படையை எதிர்கொண்டன. இருவர் இருவராகவே குதிரைகள் கடக்கக்கூடிய ஒடுங்கிய மரப்பாலம் அது. பாதிப்படை கடந்துவரும் வரையில் குன்றின்மேல் வாளாவிருந்து, பின்னர்ப் பாய்ந்திறங்கிப் பாலத்தின் முனையை அடைத்தனர் இசுக்காட்டியர். முன்னே ஈட்டி, பின்னே ஆறு, கீழே சதுப்பு. மெய்ம்மறை பூண்ட வீரர் தம் இரும்பின் பளுவாலேயே ஆற்றில் அமிழ்ந்தனர். வரிக்கொடுமையால் வெறுப்பை ஈட்டியிருந்த கருவூலத் தலைவன் கிரெசிங்காம் அங்கு மாண்டான். சினந்த வீரர் அவன் தோலையே உரித்துப் பங்கிட்டனர் என்பர். விடுதலைப் படையாயினும் அச்செயல் இழிவே. மரே அப்போரிற் பட்ட புண்ணால் பின்னர் உயிர் நீத்தான்.

வென்றபின் செய்த முதற்பணிகளுள் ஒன்று ஒரு மடல் எழுதியது. அக்தோபர் 11-ஆம் நாள், ஆடிங்டனிலிருந்து, செருமானிய வணிக நகரங்களான இலூபெக்குக்கும் ஆம்பர்குக்கும் மரே, வாலசு ஆகிய இருவர் பெயராலும் அது விடுக்கப்பட்டது. இசுக்காட்லாந்து ஆங்கிலர் பிடியினின்று போரால் மீட்கப்பட்டுவிட்டது. வணிகர் அச்சமின்றித் தம் சரக்குகளோடு எங்கள் துறைகளுக்கு வரலாம் என்பது அதன் பொருள். வெற்றி வெறியில் விருந்துண்டு களிக்காமல், துறைமுகம் திறந்திருக்கிறது என்று உலகுக்கு அறிவித்தமை எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. வணிகமும் வெளிநாட்டுறவும் தன்னரசின் இரு கண்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இலூபெக்கு நகரத்தார் பேணிக் காத்த அம்மடல் இன்றும் உள்ளது. எட்வர்டின் சுருளில் தொங்காத வாலசின் முத்திரை அதில் தொங்குகிறது.

அடுத்த ஆண்டே எட்வர்டு நேரில் வந்தான். 1298 சூலை 22-இல் பால்கிர்க்கு என்னுமிடத்தில் போர். முள்ளம்பன்றிபோல் நாற்புறமும் வேல்களை நீட்டி வட்டம் வட்டமாக நின்ற இசுக்காட்டுக் காலாட்களைக் குதிரைப்படை உடைக்க இயலவில்லை. தொலைவில் நின்ற வில்லாளிகளே அவர்களை வீழ்த்தினர். இசுக்காட்டுப் பெருமக்களின் குதிரைப்படையோ களத்தைவிட்டு நழுவியது. எட்வர்டு கொண்டுவந்த காலாட்படையில் 10,000-க்கு மேற்பட்டோர் வேல்சு நாட்டினர் என்பதே இப்போரின் பெருந்துயரம். 1282-இல் தம் இளவரசன் இலெவெலினை இழந்து, நாட்டையும் இழந்து, பதினாறாண்டு கழியுமுன் இன்னொரு நாட்டை அடிமைப்படுத்தக் கூலிக்கு வந்து நின்றவர் அவர்கள். போருக்கு முந்திய நாள்களில் அவர்களுக்கும் ஆங்கிலர்க்கும் கைகலப்பு மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இசுக்காட்டியர் பக்கம் சேர்ந்துவிடுவோம் என்றும் அவர்கள் அச்சுறுத்தினர். ஆயினும் சேர்ந்தாரில்லை.

ஏழாண்டு அலைந்த வாலசை 1305 ஆகசுட்டில் கிளாசுகோ அருகே பிடித்துக் கொடுத்தவன் சான் மென்டீத்து என்னும் இசுக்காட்டியனே. வெசுட்டுமின்சுட்டர் மன்றத்தில் இரண்டகக் குற்றம் சாற்றப்பட்டபொழுது, எட்வர்டுக்கு என்றும் உறுதிமொழி கூறாத தான் எவ்வாறு இரண்டகனாவான் என வாலசு மறுத்துரைத்தான். அம்மறுப்பு அசைக்க முடியாதது. அதனாலேயே அதற்கு விடை கூறப்படவில்லை. அன்றே, 23-ஆம் நாள், தூக்கிலிட்டு, உயிரிருக்கையிலேயே இறக்கிக் குடலெடுத்துத் தலை துணித்தனர். தலை இலண்டன் பாலத்தின் மேல். உடற்கூறுகள் நான்கும் நியூகாசில், பெரிக்கு, இசுடர்லிங்கு, பெர்த்து நகரங்களில்.

புரூசின் வரலாறு இத்துணைத் தூயதன்று. 1296-இல் முத்திரையிட்டான், பின் எதிர்த்தான், 1302-இல் மீண்டும் எட்வர்டைப் பணிந்தான். 1306 பெப்ருவரி 10-இல் தன் எதிராளி சான் காமினைத் தம்பிரீசு நகரக் கோயிலொன்றினுள்ளே குத்திக் கொன்றான். உரோமைத் திருத்தந்தை அவனை விலக்கி வைத்தார். அக்கறை பின்வந்த எந்த வெற்றியாலும் கழுவப்படவில்லை. ஆயினும் மார்ச்சு 25-இல் இசுக்கூனில் முடிசூடிய பின்னர் அவன் எட்வர்டின் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு அவன் கொடுத்த விலை பெரிது. உடன்பிறந்தார் மூவர் கொலைக்களம் புகுந்தனர். மனைவி எலிசபெத்து எட்டாண்டு சிறைப்பட்டாள். சிறுமியான மகள் மாரியரி கன்னியர் மடத்தில் அடைக்கப்பட்டாள். வேந்தனை அரியணையிலேற்றும் வழிவழியுரிமை தன் குடிக்கு உண்டென்று வந்து, கணவன் பகைவர் பக்கம் நிற்கவும் அஞ்சாமல் அவனுக்கு முடிசூட்டிய பக்கன் கோமாட்டி இசபெல்லாவைப் பெரிக்குக் கோட்டையில் மரத்தாலும் இரும்பாலும் ஆன கூண்டிலடைத்தான் எட்வர்டு. நான்காண்டுகள்! குகையில் சிலந்தி வலை பின்னக் கண்டு புரூசு ஊக்கமுற்றான் என்னும் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். அது நூற்றாண்டுகள் கழித்துப் பின்னப்பட்ட கதை. இசபெல்லாவின் கூண்டு கதையன்று. பாடநூலாரோ சிலந்தியையே விரும்புகின்றனர்.

1307 சூலை 7-இல், எல்லைக்கருகே படையோடு வருகையில் எட்வர்டு இறந்தான். மகன் இரண்டாம் எட்வர்டு தந்தையின் ஆற்றலற்றவன். புரூசு நேர்ப்போரைத் தவிர்த்து, மறைந்து தாக்கி, கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, கைப்பற்றியவுடன் இடித்துத் தள்ளினான். பகைவன் மீண்டும் வந்தால் தங்க இடமிருத்தலாகாது என்பதே அவன் சூழ்வு. 1314-இல் சேம்சு தக்ளசு இராக்சுபரோவையும், தாமசு இராண்டால்பு செங்குத்துப் பாறையில் இரவில் ஏறி எடின்பரோவையும் கொண்டனர். அவ்வாண்டு சூன் 23, 24 ஆகிய இருநாளும் பேனக்குபர்ன் ஓடைக்கரையில் நடந்த போரில், இருமடங்கோ அதற்கு மேலோ இருந்த ஆங்கிலப் படை, விரிந்து பரவ இடமில்லாத ஈர நிலத்தில் நெருக்குண்டு அழிந்தது. சிறைப்பட்ட ஆங்கிலப் பெருமகன் ஒருவனுக்கு மாற்றாகப் புரூசின் மனைவியும் மகளும், சிறையில் கண்ணொளி இழந்துவிட்ட கிளாசுகோ ஆயர் விசாட்டும் மீண்டனர்.

புரூசு அயர்லாந்து மன்னர்க்கு விடுத்த மடலொன்று உண்டு. இரு நாட்டாரும் ஒரே வித்தினின்று கிளைத்தவர். ஒரே மொழியாலும் ஒத்த பழக்கவழக்கங்களாலும் பிணைக்கப்பட்டவர். ஆதலின் தொன்மையான உரிமையை மீட்கக் கைகோக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அம்மொழி கேலிக்கு. அவன் தாய் மாரியரியின் கேரிக்கு நாடும் கேலிக்கு வழங்கிய மண்ணே. மொழியுறவை அரசியலுறவாக்கக் கருதிய அம்மடல் அந்நூற்றாண்டில் அரிய சிந்தனையாகும். ஆனால் 1315-இல் அவன் தம்பி எட்வர்டு புரூசு படையொடு சென்றபொழுது, ஐரோப்பாவெங்கும் பெரும்பஞ்சம். விடுவிக்கச் சென்ற படையே அயர்லாந்தின் உணவைக் கொள்ளையிட்டது. 1318-இல் அவன் வீழ்ந்தபொழுது அயர்லாந்துக் குறிப்பேடுகளே அச்சாவை நற்செயலென எழுதிவைத்தன. உடன்பிறப்பு என்று சொல்லிக்கொண்டு அடுப்பில் கைவைத்தால் யார்தாம் பொறுப்பர்?

1320 ஏப்பிரல் 6-ஆம் நாளிட்டு, ஆர்புரோத்து மடத்திலிருந்து திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவானுக்கு இசுக்காட்டுப் பெருமக்கள் 39 பேர் பெயரிட்டு ஒரு மடல் சென்றது. தம் முன்னோர் சித்தியா நாட்டினின்று வந்தவர் என்று அது தொடங்கும் பழங்கதை வரலாறன்று. எட்வர்டும் முன்னர்த் திராய் நகரக் கதையை எழுதித் தன் மேலரசுரிமைக்குச் சான்று காட்டியவனே. அக்கதையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மணி போன்ற இரு கருத்துகள் எஞ்சும். நூறுபேர் எஞ்சியிருக்கும் வரையிலும் ஆங்கிலர்க்கு அடங்கோம் என்பது ஒன்று. அதனினும் துணிவானது மற்றொன்று: புரூசே நாட்டை ஆங்கிலர்க்கு அடிமைப்படுத்த முனைவானாயின், அவனையும் பகைவனெனத் துரத்திவிட்டு, காக்கவல்ல வேறொருவனை அரசனாக்கிக் கொள்வோம் என்பது. அரசனுக்காக நாடன்று, நாட்டுக்காகவே அரசன் என்பதை அவ்வரசன் வாழ்ந்திருக்கையிலேயே எழுதினர். எனினும் அம்மடலில் பெயர் பொறித்த வில்லியம் சூலிசு முதலிய சிலர், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே புரூசைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்து பிடிபட்டனர். ஒருமுறை முத்திரையிட்டுப் பழகிய கைகள்!

1328-இல் எடின்பரோவில் எழுதி நார்தாம்டனில் உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கையில், மூன்றாம் எட்வர்டு இசுக்காட்லாந்தின் மேல் எவ்வுரிமையும் தனக்கில்லையென ஒப்புக்கொண்டான். இசுக்காட்டியர் 20,000 பவுன் கொடுத்தனர். அடுத்த ஆண்டு சூன் 7-இல் புரூசு மறைந்தான். அவன் மறைந்து மூன்றாண்டில், பகைவர் பக்கம் நின்று நிலமிழந்திருந்த பெருமக்கள், 'வெற்றுச் சட்டை'யின் மகன் எட்வர்டு பேலியலை முன்னிறுத்தி ஆங்கிலத் துணையோடு படையெடுத்தனர். அவன் 1334-இல் தென்பகுதியையே ஆங்கில அரசனுக்கு எழுதிக்கொடுத்தான். 1338-இல் தன்பார்க் கோட்டையை ஐந்து திங்கள் காத்து நின்று ஆங்கிலப் படையைத் திருப்பியனுப்பிய ஆக்னசு என்னும் பெண்மகள், எடின்பரோப் பாறையேறிய இராண்டால்பின் மகள். 1357 வரை அப்போர் நீண்டது. ஒரு இலக்கம் மார்க்குப் பணத்துக்கு ஒப்பி அரசனையும், வாளால் நாட்டையும் அவர்கள் மீட்டனர்.

மீட்கப்படாதது மொழி. புரூசின் வெற்றியை 1375-ஆம் ஆண்டையொட்டிச் சான் பார்பர் பாடியபொழுது, அவர் கையாண்டது ஆங்கிலத்தின் உடன்பிறப்பான தாழ்நில மொழியைத்தான். அரசவையில் கேலிக்கின் இடம் அப்பொழுதே சுருங்கியிருந்தது. 1603-இல், புரூசின் மகள் மாரியரியின் கால்வழியில் வந்த ஆறாம் சேம்சு ஆங்கில அரியணையேறி இலண்டனுக்குக் குடிபெயர்ந்தான். 1609-இல் மேலைத்தீவுகளின் குடித்தலைவர்கள் தம் மூத்த பிள்ளைகளை ஆங்கிலம் கற்கத் தாழ்நிலத்துக்கு அனுப்ப வேண்டுமென விதிக்கப்பட்டது. 1616-இல் அவனுடைய அரசவையே, ஊர்தோறும் பள்ளி நிறுவி ஆங்கிலத்தை நாடெங்கும் நடுவதென்றும், நாகரிகமின்மைக்கு வேர் கேலிக்கு மொழியே ஆதலின் அதனை ஒழிப்பதென்றும் சட்டம் செய்தது. முதலாம் எட்வர்டு வாளோடு வந்தும் செய்யாததைப் புரூசின் குருதியில் வந்தவன் பள்ளிக்கூடத்தைக் கொண்டு செய்தான். 1707-இல் பாராளுமன்றமும் கலைந்தது. 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக்குக்கு ஓரெழுத்தும் இடம் வைக்கவில்லை.

இசுக்கூன் கல்லை 1328-லேயே திருப்பித்தர ஆங்கில அரசு இசைந்தும் இலண்டன் மக்கள் தடுத்துவிட்டனர். 1950-ஆம் ஆண்டுக் கிறித்துமசு நாளில் கிளாசுகோ மாணவர் நால்வர் அதனை வெசுட்டுமின்சுட்டரிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்தனர். 1951 ஏப்பிரலில் ஆர்புரோத்து மடத்தின் இடிபாட்டினுள் வைக்கப்பட்டு, மீண்டும் இலண்டன் சென்றது. 1996-இல், 700 ஆண்டுகள் கழித்து, முறையாகவே இசுக்காட்லாந்துக்கு மீண்டது. 1999-இல் எடின்பரோவில் பாராளுமன்றம் மீண்டும் கூடிற்று. 2014-இல் தனிநாடு வேண்டுமா என மக்களைக் கேட்டபொழுது, வேண்டுமென்றோர் நூற்றுக்கு 45 பேர். வேண்டாவென்றோர் 55 பேர். 2005-இல் கேலிக்குக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து எடுத்த 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேர், நூற்றுக்கு ஒருவர். புரூசின் தாய் ஆண்ட கேரிக்கில் அது வழக்கொழிந்து இருநூறாண்டுக்கு மேலாகிறது. அங்குள்ள ஊர்ப்பெயர்களில் மட்டும் அதன் சொற்கள், பொருள் அறிவாரின்றி, இன்றும் வழங்குகின்றன.